பதினான்காவது கிலோமீட்டர்

நான்காம் நாள் காலையில் தவமணி அண்ணனைத் தேடுவதை நிறுத்திவிட்டு ஜீப்பைப் பிரித்துப் போட்டாள்.

பார்த்தவர்கள் அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் நினைத்தார்கள். கூடப்பிறந்த ஜெயக்கொடி மலையில் காணாமல் போயிருக்கிறான். இவளானால் அடிவாரத்தில், சவரிமுத்துவின் வெல்டிங் பட்டறை வாசலில், வீல் நட்டுகளைக் கழற்றித் தகர டப்பாவில் போட்டுக்கொண்டிருக்கிறாள். எட்டிப் பார்த்தவர்களுக்கெல்லாம் பதில் சொல்ல அவளுக்கு நேரமில்லை. முந்தின நாள் இரண்டு கூட்டங்கள் மேலே போய்த் தேடிவிட்டு வந்திருந்தன. இரண்டும் எட்டாவது கிலோமீட்டரில் காட்டாற்றைப் பார்த்ததும் திரும்பிவிட்டன. ஆறு இடுப்பளவு ஓடுகிறது, ஆள் இறங்கினால் அடித்துக்கொண்டு போய்விடும், எந்த ஜீப்பும் அதைத் தாண்டாது என்று சொல்லிவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போனார்கள். எந்த ஜீப்பும் தாண்டாது என்றால் தாண்டுகிற மாதிரி ஒரு ஜீப்பைச் செய்துகொள்ள வேண்டியதுதான். வேறு வழி அவளுக்குத் தெரியவில்லை.

அண்ணனுக்கும் தங்கைக்கும் சேர்த்து இருந்தது அந்த ஒரு வண்டி. ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை விடியலில் மலைக்கு ஏற்றிப் போய், சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருவது அவர்கள் தொழில். ஒரு வாரம் அவன் ஓட்டுவான், ஒரு வாரம் இவள். வண்டி கம்பெனியிலிருந்து வந்த மேனிக்கே இருந்தது. சின்ன டயர், தாழ்ந்த அடிப்பாகம், சேற்றில் மாட்டினால் கயிறு கட்டி இழுக்க ஒரு உருப்படியான கொக்கிகூடக் கிடையாது. போன மழைக்காலத்தில் பெண்கள் கூட்டத்தோடு ஒரு சரிவில் வழுக்கிய வண்டி, ஒரு மரம் குறுக்கே நின்ற புண்ணியத்தில்தான் பள்ளத்துக்குப் போகாமல் நின்றது. ஓட்டியவள் தவமணி. அன்றைக்கே அண்ணனிடம் சொல்லிவிட்டாள்.

"வின்ச் இல்லாம அடுத்த மழைக்கு நான் இந்த வண்டியில ஏற மாட்டேண்ணே."

சொல்லியிருக்க வேண்டாம் என்று இப்போது நாளுக்கு நூறு தடவை நினைத்துக்கொண்டாள்.

வின்ச் என்பது வண்டியின் முன்னால் பூட்டுகிற இரும்பு உருளை. அதில் சுற்றியிருக்கும் கம்பிக்கயிற்றை ஒரு மரத்தில் கட்டிவிட்டுச் சுற்றினால், எப்பேர்ப்பட்ட சேற்றிலிருந்தும் வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொண்டு வெளியே வரும். புதிதாக வாங்க அவர்களுக்கு வக்கில்லை. ஜெயக்கொடி சத்தமில்லாமல் விசாரித்து ஒன்றைக் கண்டுபிடித்தான். ஆளில்லாமல் கிடந்த நெடுங்கல் எஸ்டேட்டுக்குள் எங்கோ ஒரு புதரில், மரம் ஏற்றுகிற பழைய லாரி ஒன்று நின்று துருவேறிக்கொண்டிருந்தது. அதில் கையால் சுற்றும் வின்ச் ஒன்று கிரீஸ் பூசியபடியே இருந்தது. எஸ்டேட் ஏஜெண்டிடம் எடுத்துக்கொள்ள அனுமதி வாங்கினான். கோடையில் இரண்டு தடவை ஜீப்பில் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். இடம் எதுவென்று மட்டும் யாரிடமும் மூச்சு விடவில்லை. பழைய இரும்புக்காரர்கள் முந்திக்கொள்வார்கள் என்று பயம்.

மழை தொடங்கிய வாரம் வண்டி ஓட்டுவது தவமணியின் முறை. இவன் ஸ்பேனர் மூட்டையும் ஒரு பை பொரிகடலையும் எடுத்துக்கொண்டு நடந்தே கிளம்பினான். ஆறு பெருகுவதற்குள் வின்ச்சைக் கழற்றி ஆற்றுக்கு இந்தப் பக்கம் உருட்டிக்கொண்டுவந்து போட்டுவிட்டு மறுநாள் சாயங்காலம் வந்துவிடுவதாகச் சொன்னான். வரவில்லை.

சவரிமுத்துவுக்கு ஐம்பது வயது. வெல்டிங் கண்ணாடி நெற்றிக்கு ஏறினால் பேசுவார், மூக்குக்கு இறங்கினால் வாயைத் திறக்க மாட்டார். தவமணி கேட்டதைக் கேட்டுக் கண்ணாடியை ஏற்றினார்.

"இது ஒரு மாசத்து வேலை தாயி. அவசரத்துல வச்ச வெல்டு உள்ள போயி விட்டுக்கிச்சுன்னா நாமளும் அங்கனயே கெடக்க வேண்டியதுதான்."

"நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள முடிச்சுக் குடுங்கண்ணே. விட்டுக்கிச்சுன்னா அப்பப் பாத்துக்கிருவோம்."

அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். அதுவே சம்மதம்.

இரண்டாவது ஆள் நைனார். ஜெயக்கொடியோடு ஒரே பெஞ்சில் படித்தவன், தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டிக் கொடுக்கும் ரீசோல் கடைக்காரன். மூன்று பேருமாக ஒன்றரை நாள் அந்த ஜீப்பைப் புரட்டி எடுத்தார்கள். உடைந்த வேனிலிருந்து கழற்றிய, குலுக்கல் தாங்கும் வில்லான கமான் பட்டைகளை ஜீப்பின் நான்கு மூலையிலும் ஒவ்வொன்று கூடுதலாக வைத்துக் கட்டியதில் வண்டி நான்கு விரற்கடை எழும்பி நின்றது. எழும்பிய இடத்தில் பெரிய டயர் போட வசதி கிடைத்தது. மினிலாரிக்கென்று நைனார் வைத்திருந்த, கட்டை கட்டையாகப் பல் வைத்த ரீசோல் டயர்களில் நான்குதான் ஜோடி சேர்ந்தன. ஐந்தாவது இல்லை. ஸ்டெப்னியாக ஜீப்பின் பழைய சின்னச் சக்கரமே பின்னால் தொங்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். எஞ்சின் தண்ணீருக்கு மேலே மூச்சு விடுவதற்காக, ஏர் ஃபில்டரிலிருந்து கூரை வரைக்கும் வீட்டுக்குத் தண்ணீர் இழுக்கிற பிவிசி பைப்பை ஏற்றினார்கள். எஞ்சினின் அடியில் ஒரு பழைய இரும்புத் தகடு. பட்டறையில் எஞ்சின் தூக்குகிற செயின் பிளாக் இழுவைக்கு. பேட்டரி மட்டும் மாற்ற முடியவில்லை. அது கிழடு, அணைத்தால் மறுபடி எஞ்சினைக் கிளப்புமா என்று தெரியாது. அதனால் மலை ஏறிய பிறகு என்ன ஆனாலும் எஞ்சினை அணைப்பதில்லை என்று ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள்.

டிரைவர் சீட்டைத் தூக்கியபோதுதான் அந்த நோட்டு கிடைத்தது. ஜெயக்கொடியின் கோணல் கையெழுத்து. கோடையில் போன இரண்டு தடவையும் ஜீப்பின் மீட்டரைப் பார்த்து எழுதியிருக்கிறான்:

'நெடுங்கல் கேட்டிலிருந்து. 4 பாலம். 8 ஆறு. 14 இடது கை. லாரி.'

தவமணி அதை மூன்று முறை படித்தாள். இரண்டு கூட்டங்களும் எங்கே தேடுவதென்றே தெரியாமல் போயிருந்தன. இவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த ஐந்து நாளில் அவள் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டது அன்றைக்கு ஒரு வேளைதான்.

ஆறாம் நாள் பொழுது விடிய நெடுங்கல் கேட்டில் நின்றார்கள். தவமணி மீட்டர் எண்ணை, பிறகு கழித்துக் கணக்குப் பார்ப்பதற்காக, நோட்டின் கீழே எழுதிக்கொண்டாள். பக்கத்தில் நைனார், பின்னால் சவரிமுத்து. கேட்டின் சங்கிலி அறுந்து கிடந்தது. ஜீப் உள்ளே நுழைந்தது.

வண்டி ஏறியது. முன்பு வயிற்றை இடித்த பாறைகளை இப்போது காலுக்கடியில் விட்டுவிட்டுப் போனது. சேற்றைப் பெரிய டயர்கள் பிராண்டிப் பிராண்டிப் பின்னால் தள்ளின. வேறொரு நாளாக இருந்தால் மூன்று பேரும் துள்ளிக் குதித்திருப்பார்கள். பாலம் வந்தபோது மீட்டர் மூன்றரையைக் கொஞ்சம் தாண்டியிருந்தது.

"நாலுன்னுல்ல எழுதிருக்கான்," என்றார் சவரிமுத்து.

அண்ணன் எப்போதும் முழு எண்ணாகத்தான் எழுதுவான், காலும் அரையும் அவனுக்கு ஆகாது என்றாள் தவமணி. அவனுடைய அந்தப் பழக்கத்தைச் சொன்னபோது அவளுக்குச் சிரிப்புக்கூட லேசாக வந்தது. ஆறு வந்தபோது மீட்டர் ஏழே கால். அதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆறு செம்மண் நிறத்தில் ஓடியது. சவரிமுத்து ஆறு தாண்டும்வரைக்கும் எஞ்சினின் முன்னால் ஒரு தார்ப்பாயை இறுக்கிக் கட்டினார், இல்லாவிட்டால் விசிறி தண்ணீரை வாரி எஞ்சின் மேலேயே இறைக்கும். நான்கு சக்கரத்துக்கும் விசை போகிற கியரைப் போட்டுக்கொண்டு தவமணி இறங்கினாள். தண்ணீர் பம்பரைத் தொட்டது, விளக்கை மூடியது, கதவிடுக்கு வழியாகக் கால்மாட்டுக்கு வந்தது. பாதி ஆற்றில் வண்டியின் பின்பாகம் மிதந்து பக்கவாட்டில் நகரத் தொடங்கியது. சவரிமுத்து ஏசுவைக் கூப்பிட்டார். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்காதே, எடுக்காதே என்று நைனார் கத்தினான். அவள் எடுக்கவில்லை. கூரை மேல் பிவிசி பைப் கொரகொரவென்று காற்றை இழுத்தபடியே இருந்தது. முன்டயர் எதிர்க்கரைக் கல்லைக் கடித்தது, பிடித்துக்கொண்டது, மேலே ஏறியது. எந்த ஜீப்பும் தாண்டாத ஆற்றை அந்த ஜீப் தாண்டிவிட்டது.

அங்கேயிருந்துதான் காடு தன் வேலையைக் காட்டியது. ஒரு காலத்தில் தேயிலை இருந்த சரிவுகளில் உண்ணிச்செடி ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடந்தது. இடது பக்கம் கொஞ்ச தூரத்துக்கு ஒரு கிளைத்தடம், கொஞ்ச தூரத்துக்கு ஒரு கிளைத்தடம், எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி ஒரே சாயல். மீட்டர் இல்லாவிட்டால் ஒரு மாதம் தேடினாலும் முடியாது.

பன்னிரண்டரையைத் தாண்டியதும் எங்கோ 'டங்' என்று ஒரு சத்தம். சவரிமுத்து வண்டியை நிறுத்தச் சொன்னார். கமான் பட்டையில் போல்ட் விட்டுக்கொண்டது என்று அவருக்குப் பட்டது. அவர் கை வைத்த வேலை அது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, அடியில் புகுந்து ஒவ்வொரு போல்ட்டையும் தடவிப் பார்த்தார். புகுந்திருந்தபோதே இன்னொரு 'டங்' கேட்டது. தகடு எஞ்சின் அதிர்வில் இடிக்கிறது என்று நினைத்துத் தகட்டையும் முறுக்கினார். கையைத் துடைத்த எண்ணெய்த் துணியை அங்கேயே எறிந்துவிட்டு வந்து ஏறி, போகலாம் என்றார். தவமணி மீட்டரைப் பார்த்தாள். பன்னிரண்டு புள்ளி ஏழு. இன்னும் ஒன்று சொச்சம்தான் என்று நினைத்துக்கொண்டு கிளம்பினாள்.

பதினான்கு வந்தது. இடது பக்கம் ஒரு தடமும் இருந்தது. திருப்பினாள்.

லாரி இல்லை. தடம் செங்குத்தாக இறங்கி, மண் சரிந்த ஒரு பள்ளத்தின் விளிம்பில் அப்படியே முடிந்துபோயிருந்தது. கீழே பச்சையும் பனியும் தவிர வேறொன்றுமில்லை. தவமணி இறங்கி விளிம்பில் நின்று அண்ணனைக் கூப்பிட்டாள். தொண்டை கட்டும்வரை கூப்பிட்டாள். சரிவின் மண் புதிதாக இருந்தது. லாரியும் அவனும் சேர்ந்து இந்த மண்ணுக்கு அடியில்தான் கிடக்க வேண்டும் என்று மூன்று பேருக்கும் ஒரே சமயத்தில் தோன்றியது.  நைனார் மட்டும் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு போய் மண்ணைக் குத்திக் குத்திப் பார்த்துவிட்டு, குச்சியைப் போட்டுவிட்டு வந்தான்.

திருப்பப் பார்த்தால் பின் சக்கரங்கள் அச்சுவரை புதைந்துவிட்டன. செயின் பிளாக்கை மரத்தில் மாட்டி, முழம் முழமாக வண்டியை மேலே இழுத்துப் பெரிய தடத்தில் கொண்டுவந்து விட்டபோது வெளிச்சம் போய்விட்டது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க, உள்ளேயே சுருண்டு படுத்தார்கள். தவமணிக்கு நம்பிக்கை இருந்தது என்று எழுதினால் அது பொய். உடம்பாவது கிடைக்குமா என்கிற அளவுக்கு அவள் வந்துவிட்டாள். அதைச் சொல்லி அழக்கூட அவளுக்கு வேறு ஆள் இல்லை. வீட்டில் அவனும் இவளும் மட்டும்தான்.

விடிந்ததும் இறங்கிப் பார்த்தால் பின் டயர் ஒன்று தரையோடு தரையாகப் படுத்திருந்தது. முந்தின நாள் இழுவையில் ரீசோல் ரப்பர் வாய் பிளந்திருந்தது. ஒட்டுப் போட்டுச் சரிசெய்கிற காயமில்லை. நைனார் ஸ்டெப்னியைக் கழற்றி உருட்டிக்கொண்டு வந்து, நல்ல நிலையில் இருந்த இன்னொரு பின் சக்கரத்தின் மேல் சாய்த்து வைத்தான்.

தவமணி வெறுமனே அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெரியது பெரியதாக இருந்தது. சின்னது சின்னதாக இருந்தது. பெரியதின் உச்சிக்கும் சின்னதின் உச்சிக்கும் நடுவில் ஒரு கை அகலம் இடைவெளி. பாலம் மூன்றரை. ஆறு ஏழே கால். அண்ணன் காலும் அரையும் எழுத மாட்டான்.

எழுந்து போய்க் கயிற்றை எடுத்தாள். சின்னச் சக்கரத்தைச் சுற்றிப் பிடித்து முழம் போட்டாள். ஐந்து முழம். பெரியதைச் சுற்றினாள். ஐந்தரை.

"நைனாரண்ணே," என்றாள். குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "அண்ணன் இந்தச் சின்ன டயர்ல வந்துல்ல எழுதுச்சு."

மீட்டருக்கு எந்த டயர் போட்டிருக்கிறார்கள் என்று தெரியாது. சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றியது என்பதை மட்டும் எண்ணி, ஒவ்வொரு சுற்றுக்கும் பழைய ஐந்து முழத்தையே போட்டுக்கொள்ளும். வண்டியோ ஒவ்வொரு சுற்றிலும் ஐந்தரை முழம் போய்க்கொண்டிருந்தது. மீட்டர் பத்து என்று காட்டினால் ஓடியிருப்பது பதினொன்று. அண்ணனின் பதினான்கை அவர்கள் எப்போதோ கடந்து வந்திருந்தார்கள்.

நைனார் தலையில் அடித்துக்கொண்டான். மினிலாரிக்காரன் ஒருவன் டயர் அளவை மாற்றினால், மீட்டரை நம்பாதே என்று முதல் வேலையாகச் சொல்லி அனுப்புகிறவன் அவன்தான். "தெனமும் ஊருக்கெல்லாம் சொல்ற வார்த்தை தங்கச்சி. இந்த வண்டிக்கு மட்டும் எப்பிடி மறந்தேன்?" என்றான். அண்ணனுக்காக ஓடுகிற அவசரத்தில் மூன்று பேருக்குமே அது மீட்டராகத் தெரியவில்லை, அவன் கையெழுத்தாகத்தான் தெரிந்தது.

தவமணி மண்ணில் ஒரு குச்சியால் கணக்குப் போட்டாள். பதினான்கைப் பத்தால் பெருக்கிப் பதினொன்றால் வகுத்தாள். பன்னிரண்டு புள்ளி ஏழு வந்தது.

அவள் நிமிரவே இல்லை. அந்த எண்ணை அவள் ஏற்கெனவே பார்த்திருந்தாள். சவரிமுத்து அருகில் வந்து மண்ணில் இருந்ததைப் படித்தார். அவர் முகம் மெதுவாக மாறியது.

"நான் போல்ட்டு முறுக்குன எடம்," என்றார். "அப்ப அந்தச் சத்தம்..."

முடிக்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முறுக்கிய போல்ட் ஒன்றுகூடத் தளர்ந்திருக்கவில்லை என்பது அவருக்கு நேற்றே தெரியும்.

சின்னச் சக்கரத்தைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். ஒரு பக்கம் பெரிதும் ஒரு பக்கம் சிறிதுமாகச் சக்கரம் இருந்தால் நான்கு சக்கரக் கியரைப் போடக்கூடாது, போட்டால் பல் உடைந்துவிடும். பின் சக்கர விசையில் மட்டும் நொண்டிக்கொண்டு போனது ஜீப். ஒன்றரை கிலோமீட்டர்கூட இல்லாத தூரம். தவமணியின் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான பாதையை அவள் ஓட்டியதில்லை. தடத்தின் ஓரத்தில் சவரிமுத்துவின் எண்ணெய்த் துணி மழையில் ஊறிக் கிடந்தது. அதற்குப் பத்தடி தள்ளி, உண்ணிச்செடிக்குள் மூடிப்போய், இடது கையில் ஒரு தடம்.

முதல்முறையாக எஞ்சினை அணைத்தாள். மறுபடி கிளம்புமா என்று யோசிக்கவில்லை. ஸ்பேனரை எடுத்துப் பம்பரில் ஓங்கி அடித்தாள். காத்திருந்தாள். பதில் இல்லை. மறுபடி அடித்தாள். சில்வண்டுகளின் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு நாள் தாமதம், ஒரே ஒரு நாள் என்று நினைத்தாள். அப்புறம் செடியைப் பிளந்துகொண்டு ஓடினாள்.

லாரி இருந்தது. மூக்கு உடைந்து, பாசி படர்ந்து, வலது பக்கம் சாய்ந்து நின்றது. அதன் கீழே புல்லில் வின்ச் தனியாகக் கிடந்தது. அதிலிருந்து கேபினின் படிவரை, யாரோ உடம்பை இழுத்துக்கொண்டு ஊர்ந்த தடம். தவமணி கதவைப் பிடித்து இழுத்தாள்.

ஜெயக்கொடி சீட்டில் ஒருக்களித்துக் கிடந்தான். மழைத் தண்ணீர் பிடித்த ஒரு டப்பா மார்போடு இருந்தது. இடது கணுக்காலில் சட்டையைக் கிழித்துக் கட்டியிருந்தான். அந்தக் கட்டின் நாற்றம் கேபினை நிறைத்திருந்தது. கையில் ஸ்பேனர். கண் திறந்திருந்தது. ஆனால் அவளைப் பார்த்ததும் அதில் எந்தச் சந்தோஷமும் வரவில்லை. அவளை நிஜம் என்று அவன் நம்பவில்லை. அவள் முகத்தைத் தொட்டபிறகுதான் உதடு அசைந்தது.

"நேத்து அடிச்சேன். நின்னீங்க." மூச்சு வாங்கினான். "அப்புறம் போயிட்டீங்க."

 பின்னால் வந்து நின்ற சவரிமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இரண்டாம் நாளே வின்ச்சைக் கழற்றியபோது அது நழுவிக் காலில் விழுந்திருக்கிறது. எலும்பு முறிந்து வெளியே வந்துவிட்டது. யானைக்குப் பயந்து கேபினுக்குள் ஏறிக்கொண்டவன், பொரிகடலையையும் மழையையும் வைத்து ஐந்து நாள் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறான். நேற்று எஞ்சின் சத்தம் கேட்டு, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து நான்கு தடவை லாரியின் தகரத்தில் அடித்திருக்கிறான். இன்றைக்கு இவள் பம்பரில் அடித்தது கேட்டும் அவன் பதிலுக்கு அடிக்கவில்லை. ஒரு தடவை ஏமாந்தது போதும் என்று விட்டுவிட்டானாம்.

அவனைப் பின் சீட்டில் கிடத்தினார்கள். கிழட்டு பேட்டரி இரண்டு தரம் முனகி, மூன்றாவது தரம் எஞ்சினைக் கிளப்பியது. அவனுடைய காலை உடைத்த அந்த இரும்பு அங்கேயே மண்ணாகப் போகட்டும் என்றாள் தவமணி. அவன் தலையை அசைத்தான்.

"அதையும் தூக்கிப் போடுங்க. அதுக்குத்தான வந்தேன்."

போட்டுக்கொண்டு வந்தது நல்லதாகப் போயிற்று. இரவு மழை நின்றிருந்ததால் ஆறு முழங்காலுக்கு இறங்கியிருந்தது, அதைத் தாண்டிவிட்டார்கள். எதிர்க்கரைச் சேற்றில்தான் வண்டி ஏற மறுத்தது. நான்கு சக்கரக் கியர் போட வழியில்லை. செயின் பிளாக்கின் சங்கிலி மரத்தை எட்டவில்லை. சவரிமுத்து வின்ச்சைப் பம்பரோடு சேர்த்துக் கட்டினார், நைனார் கம்பிக்கயிற்றை மேலே தூரத்து மரம்வரை இழுத்துக்கொண்டு ஓடினான். இருவரும் மாறி மாறிச் சுற்றினார்கள். ஒரு சுற்றுக்கு விரல் அகலம் நகர்ந்தது ஜீப். தவமணி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, பின்னால் அண்ணனின் மூச்சு ஒவ்வொன்றையும் எண்ணினாள். நடுவில் ஒரு தடவை எண்ணிக்கை நின்றுபோனது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பத் தைரியமில்லை. அப்புறம் அவன் இருமினான்.

மதியம் தாண்டி நெடுங்கல் கேட்டுக்கு வந்தபோது ஊரே திரண்டு நின்றது. ஏலத்தோட்டத்துப் பெண்கள் குலவை போட்டார்கள். யாரோ ஜீப்புக்கு மாலை போட்டார்கள். திரும்பி வந்த அந்த இரண்டு கூட்டத்து ஆட்களும் கூரை மேலிருந்த பிவிசி பைப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் ஜெயக்கொடியின் உயிர் தங்கியது. இடது பாதம் தங்கவில்லை. நேற்றே கொண்டுவந்திருந்தால் காலையும் காப்பாற்றப் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் ஆறுதலாகத்தான் சொன்னார். அந்த 'நேற்று' தவமணியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்து அங்கேயே நின்றுவிட்டது.

மூன்று மாதம் அவள் ஜீப்பைத் தொடவில்லை. நைனாரும் சவரிமுத்துவும் வந்து வின்ச்சை ஒழுங்காகப் பூட்டிவிட்டுப் போனார்கள். ஊரில் எல்லாரும் அவளை மெச்சினார்கள். மெச்ச மெச்ச அவள் குன்றிப்போனாள். பதினான்கு ஏன் தவறிப்போனது என்று அண்ணனிடம் யாரும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

ஒரு நாள் காலையில் அவன் ஊன்றுகோலோடு ஜீப்பின் பக்கம் போய் நின்றான். பெரிய டயரைப் பார்த்தான். பின்னால் தொங்கிய சின்ன ஸ்டெப்னியைப் பார்த்தான். மீட்டரைப் பார்த்தான். மலையில் வண்டி ஓட்டிப் பிழைத்தவனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. தவமணி வாசலில் நின்றபடியே, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பாலத்தைச் சொன்னாள், ஆற்றைச் சொன்னாள், எண்ணெய்த் துணியைச் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, அவன் என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வது என்று நின்றாள்.

அவன் சீட்டுக்கடியிலிருந்து நோட்டை எடுத்தான். பானெட்டின் மேல் வைத்துப் பழைய வரிக்கு மேலே எழுதினான்: 'இந்தக் கிலோமீட்டர் எல்லாம் சின்ன டயருக்கு.'

"எந்த டயருன்னு நான்தான எழுதாம விட்டேன்," என்றான். பேனாவை அவளிடம் நீட்டினான். "கீழ நீ எழுது. நாளைக்கு மழை வருது, வண்டி ஏறணும்ல."

அவள் எழுதினாள்: 'பெரிய டயர். பத்து காட்டினால் பதினொன்று.' எழுத்து கோணிக்கொண்டு போனது. காட்டில் வராத அழுகையெல்லாம் அப்போதுதான் அவளுக்கு வந்தது.